குழல் ஒரு வீடு, கட்டை ஒரு வீடு

சொல்லப்போவது அத்தனையும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை கூட்டியிருந்தாலும் குறைத்திருந்தாலும், வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே கொட்டிப்போகட்டும். சாட்சி வேண்டுமென்றால் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். சாட்சிகளில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறார்கள். இரண்டு தரப்புமே வாய் திறக்காது.

மலையடிவாரத்தில், ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில், அண்ணன் தம்பி இரண்டு பேர் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். அண்ணன் பெரியவன், தம்பி சின்னவன். கட்டிக்கொண்டு வந்த பெண்களையும் ஊர் அப்படியே பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டது. அப்பன் கண்ணை மூடியதும் பாகம் பிரித்தார்கள். நிலத்துக்கு நடுவே வரப்பு விழுந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு முறை வந்தது. ஏணியை அறுத்தால் இரண்டு பேருக்கும் உதவாது என்று அதை விற்றுக் காசைப் பிரித்துக்கொண்டார்கள். அப்புறம் கிணற்றில் இறங்க வேண்டிய ஒவ்வொரு தடவையும், ஏணியை வாங்கியவன் வீட்டு வாசலில் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய் இரவலுக்கு நின்றார்கள்.

கடைசியில் மிஞ்சியது அப்பனுடைய துப்பாக்கி. ஒற்றைக் குழல். பன்றி விரட்டுவதற்கென்று வாங்கியது.

"எனக்கு" என்றான் பெரியவன்.

"எனக்கு" என்றான் சின்னவன், மண்வெட்டியை ஓங்கிக்கொண்டே.

பெரியவனுக்குப் புருவத்தில் தையல் விழுந்தது. சின்னவன் மேல் காவல் நிலையத்தில் ஒரு வழக்கு விழுந்தது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

அப்போது பெரியவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். கூடத்தின் நடுவே சப்பணம் போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியை மடியில் வைத்து, அவரைக்காய் உரிப்பதுபோல அதைப் பிரித்தாள். அந்த வகைத் துப்பாக்கியில் ஒரு கொக்கியை இழுத்தால் குழல் தனியாக வந்துவிடும். குழலைச் சின்னவள் கையில் கொடுத்தாள். விசையோடு சேர்ந்த கட்டையைத் தன் வீட்டுப் பரண்மேல் போட்டாள். தோட்டாக்களைப் பருப்பு டப்பாவில் கொட்டி மூடினாள்.

"இனிமே எவனுக்காவது எவனையாவது சுடணும்னு தோணிச்சுன்னா, சுடப்போற ஆளோட வீட்டுக்கே போங்க. கதவைத் தட்டி, மிச்சத்தைக் கொஞ்சம் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்து சுடுங்க" என்றாள்.



இந்த ஏற்பாட்டால் அரசாங்கத்துக்கு ஒரு செலவும் இல்லை. பலன் மட்டும் நூற்றுக்கு நூறு. எப்படியென்றால், பொழுது சாயும் நேரத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். பெரியவள் பழைய எண்ணெய் டின்னை எடுத்து நாலு தட்டுத் தட்டுவாள். பெரியவன் கட்டையோடு வருவான், சின்னவன் குழலோடு வருவான், பெரியவள் பருப்புத் தூசியை ஊதிவிட்டு ஒரு தோட்டாவோடு வருவாள். வரப்பின்மேல் நின்று மாட்டுவார்கள். பேச்சு வார்த்தை கிடையாது என்பதால் பேசுவதெல்லாம் பெரியவள் வழியாகத்தான்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரரை நேராப் பிடிக்கச் சொல்லுங்க. கட்டை கோணிக்கிட்டு நிக்குது."

"உன் கொழுந்தன்கிட்டச் சொல்லு. அவன் பொறக்கறதுக்கு முந்தியே நான் துப்பாக்கி பிடிச்சவன்."

"ஆமா அண்ணி, அப்போ அவர் தொட்டில்ல இருந்தாரு. தொட்டிலுக்குள்ளதான் துப்பாக்கி வச்சிருந்தாங்க."

"ரெண்டு பேரும் சீக்கிரம் ஆகட்டும்" என்பாள் பெரியவள். "பன்னி கேக்குது, இன்னும் எவ்வளவு நேரமாகும்னு."

கேட்கத்தான் செய்தது. கூட்டத்துக்குத் தலைவன் ஒரு கிழட்டு ஆண் பன்றி. பேர் காதறுந்தான். துப்பாக்கி மாட்டி முடிக்கிற வரைக்கும் அது கிழங்கில் வாய் வைக்காது. பின்னங்கால்களை மடக்கி, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கும். பெரியவன் விசையை அழுத்துவான். குண்டு ஆகாயத்துக்குப் போகும். துப்பாக்கி பின்னால் உதைத்த உதையில் பெரியவன் வரப்பைத் தாண்டிச் சின்னவனுடைய பாத்தியில் மல்லாக்க விழுவான். காதறுந்தான் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிடும். சின்னவன் கை கொடுத்து அண்ணனைத் தூக்கி, மண்ணைத் தட்டி, வரப்புக்கு அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். அப்புறம் குழலைக் கழற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

அந்தக் கை கொடுப்புக்காகவே பெரியவள் பன்றி வராத நாளில்கூட இரண்டொரு தடவை டின்னைத் தட்டியதுண்டு.

இப்படி இருக்கும்போதுதான் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்தது. நாட்டிலுள்ள ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் எண், ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆள். பதியாதவர்களுக்குச் சிறை. இனி குற்றமே நடக்காது. நடந்தாலும் நடந்த கையோடு ஆளைப் பிடித்துவிடலாம். வேன் இதைச் சொல்லிவிட்டு ஒரு பாட்டுப் போட்டது.

டவுனில் அதற்கென்று புதுக் கட்டடம் எழும்பியது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அதன் கூரை ஒழுகியதால் மழை நாளில் பிள்ளைகள் புதுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒதுங்கின, காவலாளி விரட்டினான். உள்ளே கணினிக்கென்று குளிர்பதன அறை. கல் குவாரி முதலாளி வந்து ரிப்பனை வெட்டினார். அவருடைய ஆட்கள் ஆறு பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். ஆறு பேரின் இடுப்பும் ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது.

"இந்த நாடு பூரா இதுக்குக் கொட்டின காசுக்கு மலையடிவாரம் முழுக்கக் கம்பி வேலி போட்டிருக்கலாம்" என்றார் டீக்கடைக்காரர். "போட்டும் மிஞ்சியிருக்கும். பன்னிக்கு ஆளுக்கொரு மெத்தை வாங்கிக் குடுத்திருக்கலாம்."

பதிவு நாளில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். பெரியவன் முன்னால், சின்னவன் பின்னால், நடுவில் பெரியவள். அலுவலகத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. எல்லாரும் சாக்கிலும் பாயிலும் சுற்றிய துப்பாக்கிகளோடு நின்ற வயல்காட்டு ஆட்கள். குவாரி ஆள் ஒருவனையும் காணோம். சுவர் மூலையெல்லாம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. திறந்து சில மாதமே ஆன கட்டடத்துக்கு அதற்குள் கழிப்பறை வாடை வந்துவிட்டது. பெரியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் கட்டை விரலை நாக்கில் அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"துப்பாக்கி?"

பெரியவன் கட்டையை மேசைமேல் வைத்தான்.

"மிச்சம்?"

"அந்தா நிக்கிற ஆள்கிட்ட."

"அவர் யாரு உங்களுக்கு?"

"எங்கம்மா பெத்தது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

குமாஸ்தா இரண்டு பேரையும் பார்த்தார். "பாதித் துப்பாக்கியெல்லாம் பதிய முடியாது. ஒண்ணு, முழுசா இருக்கணும். இல்லேன்னா இல்லாமலே இருக்கணும்."

பெரியவள் முன்னால் வந்தாள். "ஐயா, பாதியா இருந்தா சுடாதுங்க. சுடாததுக்கு எதுக்குங்க பதிவு?"

"சுடாததைப் பதிஞ்சு என்னம்மா பிரயோசனம்? சட்டமே சுடற துப்பாக்கிக்குத்தான்."

"அப்போ எங்களை விட்டுடுங்க."

"எப்படி விடறது? சேர்த்தா சுடும் இல்ல?"

"சேர்க்காமதாங்க வச்சிருக்கோம்."

"அதாம்மா குத்தம்" என்றார் குமாஸ்தா, விரலை நக்கிக்கொண்டே.

யார் பேரில் பதிவது என்று கேள்வி வந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "எனக்கு" என்றார்கள். பெரியவனைச் சுவரிலிருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். அவன் சுவர் எங்கே என்று கேட்டான். கண்ணில் புரை, தகுதியில்லை. சின்னவனுக்கு மண்வெட்டி வழக்கு, தகுதியில்லை.

"நீங்க எப்பவாவது துப்பாக்கி சுட்டிருக்கீங்களா?" என்று பெரியவளைக் கேட்டார் குமாஸ்தா.

"இல்லீங்க."

"பிடிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்போ நீங்கதான் தகுதியான ஆள்."

அவர் நாக்கில் நனைத்த அதே விரல்களால் அவளுடைய கட்டை விரலைப் பிடித்து மையில் அழுத்தி, பதிவு அட்டையில் அழுத்தினார். அந்தப் பிசுபிசுப்பு அவள் கையில் ஏறியது. ஓர் இயந்திரம் குழலிலும் கட்டையிலும் ஒரே எண்ணைக் கொத்தியது. துப்பாக்கியை முழுசாக மாட்டி அவள் கையில் கொடுத்தார்கள். இனி இதைப் பிரிக்கக் கூடாது. சுவரில் திருகிய இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். சாவி அவளிடம் மட்டும் இருக்க வேண்டும். வேறு யார் தொட்டாலும் குற்றம்.

வெளியே வந்ததும் பெரியவள் தெருக்குழாயில் கையைக் கழுவினாள். மண் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். பஸ்ஸில் ஏறின பிறகும் விரலை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

இரும்புப் பெட்டிக்குப் பால் மாடு போயிற்று. பெட்டியைத் திருகியபோது மண் சுவர் பெட்டியோடு சேர்ந்து கீழே வந்தது. ஆகவே பெட்டிக்காக ஒரு செங்கல் சுவர் கட்டினார்கள். வீட்டு வாசல் கதவை அப்போதும் கயிற்றால்தான் கட்டினார்கள். திருட வந்தவன் உள்ளே நுழைந்து, அந்த ஒரு சுவரையும் பெட்டியையும் பார்த்து, இந்த வீட்டில் அரசாங்கம் குடியிருக்கிறது என்று பயந்து ஓடிவிட்டான்.

பொழுது சாய்ந்தது. பன்றி இறங்கியது. பெரியவள் பழக்கத்தில் டின்னைத் தட்டினாள். பெரியவன் வெறுங்கையோடு வந்து வரப்பின் இந்தப் பக்கம் நின்றான். சின்னவன் வெறுங்கையோடு வந்து அந்தப் பக்கம் நின்றான். மாட்டுவதற்கு ஒன்றுமில்லை. கோணல் என்று குறை சொல்லவும் ஒன்றுமில்லை. சட்டப்படி பெரியவளே சுட்டாள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. குண்டு கிணற்று உருளையில் பட்டு, அங்கிருந்து திரும்பி, காதறுந்தானின் காலடியில் விழுந்தது. காதறுந்தான் அந்தக் குண்டை முகர்ந்து பார்த்தது. அதற்கு மனசு விட்டுப்போனது தூரத்திலிருந்தே தெரிந்தது. அன்றிலிருந்து அது காத்திருப்பதை நிறுத்திக்கொண்டது. நேராக வந்தது, தோண்டியது, தின்றது.

கொடியெல்லாம் புரண்டு கிடந்தது. கடித்துப் போட்ட கிழங்குகள் வெயிலில் அழுகி, வயலே புளித்த நாற்றம் நாறியது. பெரியவள் அந்த அழுகலைக் கூடையில் அள்ளி அள்ளிக் கொட்டினாள். பன்றி யார் பக்கமாக நுழைகிறது என்று சண்டை வந்தது. இப்போது சண்டை அவள் வழியாகவும் போகவில்லை; நேருக்கு நேர் கத்தினார்கள். பேச்சு வார்த்தை நின்ற வீட்டில் திரும்பவும் பேச்சு வந்தது, கெட்ட வார்த்தையாக. பெரியவன் வரப்போரம் காவல் குழி வெட்டினான். மழைத் தண்ணீர் முழுக்கக் குழியில் இறங்கி, சின்னவன் பாத்தி காய்ந்தது.

ஒரு நாள் காலையில் சின்னவன் பெரியவள் வீட்டு வாசலில் நின்றான். அவள் பிழைத்த கிழங்கை வேக வைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பெட்டிச் சாவி குடுங்க."

"எதுக்கு?"

"பன்னிக்கு."

"பகல்ல ஏது பன்னி?"

"இது பகல்லயும் வரும். ரெண்டு கால் பன்னி. குழி வெட்டற பன்னி."

அவள் ஒரு கிழங்கை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"சாவி கிணத்துல விழுந்துருச்சு தம்பி."

"இறங்கி எடுக்கறேன். ஏணி எங்க?"

"ஏணியைத்தான் நீங்க ரெண்டு பேரும் வித்துட்டீங்களே."

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு வருவதற்குள் திரும்பி நடந்துவிட்டான். சாயங்காலம் பெரியவன் கை கால் கழுவிக்கொண்டே கேட்டான்.

"அந்தச் சாவி எங்கடி?"

"காலையில உங்க தம்பி கேட்டான். இப்போ நீங்க கேக்கறீங்க. ஒரே வயித்துல பொறந்தீங்கங்கறதுக்கு வேற சாட்சியே வேணாம்."

"அவன் எதுக்குக் கேட்டான்?"

"நீங்க எதுக்குக் கேக்கறீங்களோ அதுக்கேதான்."

பெரியவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். துண்டை எடுக்கவேயில்லை.

விடிந்ததும் பெரியவள் அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கொண்டு ஓடைக்குப் போனாள். மூட்டைக்கு நடுவே குழல். கரையில் சின்னவள் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"இந்தாடி, இதைக் கொண்டுபோய்ப் பழைய இடத்துல வை."

சின்னவள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "அக்கா, பிரிச்சு வச்சா குத்தமாமே?"

"சேர்த்து வச்சா கொலை. குத்தத்தோட போகட்டும்."

"எங்க வீட்டுக்காரர் கேட்டா?"

"கொடு. அதை வச்சு என்ன பண்ணிடுவான், அடுப்பு ஊதுவானா?"

சின்னவள் அதை ஈரப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அன்று மாலை டின் சத்தம் கேட்டது. பெரியவன் பரணில் கையை விட்டான், கட்டை இருந்தது. சின்னவன் கட்டிலுக்கடியில் கையை விட்டான், குழல் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை. வரப்புக்கு வந்தார்கள், மாட்டினார்கள்.

"அண்ணி, உங்க வீட்டுக்காரர் இன்னும் கோணலாத்தான் பிடிக்கறாரு."

காதறுந்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது. வாயிலிருந்த கிழங்கை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது.

இது கொஞ்ச காலம் ஓடியது. குழியைப் பெரியவன் தானே தூர்த்தான். கட்டை மட்டும் பகலில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது, மரியாதைக்கு.

அப்புறம் சோதனை அதிகாரி வந்தார். பதிவான துப்பாக்கிகளை வீடு வீடாகப் பார்க்கிற வேலை அவருக்கு. நாற்காலி கேட்டார், டீ கேட்டார், வேக வைத்த கிழங்கு கேட்டார். வாய் நிறைய அடக்கிக்கொண்டு பேசினார். துணுக்குகள் பெரியவள் மேல் தெறித்தன. தின்று முடித்து, அவளுடைய பதிவு அட்டையை வாங்கி, அதன் மூலையால் பல் குத்தினார். குத்தியதை அட்டையிலேயே பார்த்துவிட்டு, அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் அதை முந்தானையால் பிடித்து வாங்கினாள். இனி அவருக்குப் பேர் பல்லுக்குச்சி.

அந்த நேரம் குவாரிப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. ஒரு கொக்கு வானத்திலிருந்து நேராகப் பல்லுக்குச்சியின் காலடியில் விழுந்து ரத்தம் கக்கியது. பல்லுக்குச்சி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அது என்ன சத்தம்ங்க?" என்றாள் பெரியவள்.

"குவாரியில பாறை உடைக்கறாங்கம்மா."

"பாறை உடைச்சா கொக்கு விழுமா?"

"பறவைன்னா எப்பவாவது விழத்தான் செய்யும்."

"அந்தக் குவாரி முதலாளி வீட்டுக்குச் சோதனைக்குப் போனீங்களா?"

பல்லுக்குச்சி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அவர் பேர் பதிவுலயே இல்லையேம்மா. பதிவுல இல்லாத துப்பாக்கியை நான் எப்படிச் சோதிப்பேன்? சட்டப்படி அது இல்லாத துப்பாக்கி. உங்களுது இருக்கற துப்பாக்கி. எங்க, பெட்டியைத் திறங்க."

பெட்டியில் பாதிதான் இருந்தது. அவருக்குக் கண் பிரகாசமாயிற்று. வேலைக்குச் சேர்ந்து அவர் கண்டுபிடித்த முதல் குற்றம் அது. மிச்சம் எங்கே என்று அதட்டிக் கேட்டு, சின்னவள் வீட்டுக்குப் போய்க் குழலையும் எடுத்தார். இரண்டையும் மாட்டி, மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

"ரசீது ஏதாவது குடுப்பீங்களா?" என்றாள் பெரியவள்.

"பறிமுதல்னு போடறதுக்குக் கணினியில இன்னும் இடம் விடலைம்மா. அது வர்ற வரைக்கும், பதிவுப்படி துப்பாக்கி உங்ககிட்டயேதான் இருக்கு. கவலைப்படாதீங்க."

போகும்போது கொக்கையும் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் குவாரியில் ஒரு லாரி டிரைவர் பாக்கிச் சம்பளம் கேட்டான். தொடையில் சுட்டுவிட்டார்கள். சுட்ட துப்பாக்கி சாலையோரப் பள்ளத்தில் கிடந்தது. எண்ணைக் கணினியில் தட்டினார்கள். தட்டியவர் வாயிலிருந்த டீ தொண்டைக்குள் இறங்குவதற்குள் ஆள் பேர் வந்துவிட்டது. புதுச் சட்டத்தின் முதல் வெற்றி என்று மறுநாள் பேப்பரில் கட்டடத்தின் படம் போட்டார்கள்.

ஜீப் வந்தபோது பெரியவள் கிழங்குக் கொடி கண்ட இடத்தில் வேர் விடாமல் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். மண் கையோடு ஏற்றினார்கள்.

காவல் நிலைய மேசைமேல் துப்பாக்கி முழுசாகக் கிடந்தது. பக்கத்து நாற்காலியில் பல்லுக்குச்சி உட்கார்ந்து தீக்குச்சியால் பல்லை நோண்டிக்கொண்டிருந்தார். எதிரில் இன்ஸ்பெக்டர்.

"இது உன்னுதா?"

"ஆமாங்க. இதை இந்த ஐயாதான் வந்து எடுத்துட்டுப் போனாரு."

"நானா?" என்றார் பல்லுக்குச்சி. "இந்தம்மாவை இப்பதான் முதல்ல பார்க்கறேன்." தீக்குச்சியின் நுனியை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வாய்க்குள் விட்டார்.

பெரியவள் பார்த்தாள். அந்தப் பல்லில் இன்னும் தன் வீட்டுக் கிழங்கு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. மேசையில் மைப்பெட்டி திறந்திருந்தது, கைரேகை எடுக்கப்போகிறார்கள். அவள் குனிந்து, அந்த மைப்பெட்டிக்குள் த்தூ என்று துப்பினாள்.

"என்னம்மா இது!"

"ஈரம் வேணும்ல? உங்க ஆளுங்க எச்சில் தொட்டுத்தானே எல்லாம் பண்றாங்க. இந்தத் தடவை என்னுதா இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். வாசலில் ஒரு சைக்கிள் விழுந்த சத்தம். சின்னவன் மிதிக்க, பின்னால் பெரியவன் உட்கார்ந்து வந்திருந்தான். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"ஐயா, அந்தக் கட்டை என்னுது" என்றான் பெரியவன்.

"குழல் என்னுது" என்றான் சின்னவன். "எங்க அண்ணிக்கு அதுல ஒரு ஆணிகூடச் சொந்தமில்லை. பிடிக்கறதா இருந்தா என்னைப் பிடிங்க."

"அவனை விடுங்க. மூத்தவன் நானு."

"அப்போ நீதான் சுட்டியா?" என்றார் இன்ஸ்பெக்டர் பெரியவனிடம்.

"வெறுங்கட்டையை வச்சு எப்படிங்க சுடறது?"

"நீயா?"

"வெறுங்குழலுங்க என்கிட்ட. ஊதத்தான் முடியும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து சுட்டிருக்கீங்க."

அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நாங்க பேசிக்கறதே இல்லைங்க."

இன்ஸ்பெக்டர் மூலையிலிருந்த பழைய ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா தலையை ஆட்டினார். "உண்மைதாங்க. மண்வெட்டி வழக்கு நம்மகிட்டதான் நடக்குது. இவனுங்க சேர்ந்து ஒரு காரியம் பண்ணினாங்கன்னு கோர்ட்ல போய்ச் சொன்னா, ஜட்ஜே சிரிச்சுடுவாரு."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். ஒரு துப்பாக்கிக்கு ஓர் ஆள் என்றுதான் சட்டம். இங்கே மூன்று பேர் நின்றார்கள். சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டு, போகச் சொன்னார். டிரைவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே சுட்டவன் பேரைச் சொன்னான், முதலாளி பேரையும் சொன்னான். கணினியில் தட்டிப் பார்த்தார்கள். முதலாளியிடம் துப்பாக்கியே கிடையாது என்று அது சொன்னது. ஆகவே டிரைவர் கல்லில் இடறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். பதிவு அலுவலகத்துக்குக் கூடுதல் மாடி கட்டினார்கள். குவாரியிலிருந்துதான் கல் போயிற்று. ரிப்பனையும் குவாரி முதலாளியே வெட்டினார். துப்பாக்கி சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தில் கிடக்கிறது. அதற்கு வருஷக் கட்டணம் பெரியவள்தான் கட்டுகிறாள்.

அன்று ஒரே சைக்கிளில் மூன்று பேரும் திரும்பினார்கள். மேட்டில் சின்னவன் மிதிக்க, பள்ளத்தில் பெரியவன் மிதிக்க, பெரியவள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே வந்தாள். சுவரோரம் இரும்புப் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. அதில் கோழி ஒன்று ஏறி அடைகாத்தது.

பொழுது சாய்கிற நேரம். மலைச் சரிவில் புதர் அசைந்தது. பெரியவள் யோசித்தாள். பிறகு டின்னை எடுத்துத் தட்டினாள்.

பெரியவன் மண்வெட்டிப் பிடியோடு வந்தான். சின்னவன் ஒரு தண்ணீர்க் குழாயோடு வந்தான். வரப்பின்மேல் நின்று ஒன்றோடொன்று வைத்துப் பிடித்தார்கள். காதறுந்தான் வந்து, பார்த்து, உட்கார்ந்தது.

"அண்ணி, கோணலா..." என்று ஆரம்பித்த சின்னவன், நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தான். "நேராப் பிடிண்ணே."

"நேராத்தான்டா பிடிச்சிருக்கேன். உன் பார்வைதான் கோணல்."

பெரியவன் இல்லாத விசையை அழுத்தினான். "டமார்" என்றான் வாயால். பழக்க தோஷத்தில் அப்படியே பின்னால் பறந்து தம்பி பாத்தியில் மல்லாக்க விழுந்தான். காதறுந்தான் எழுந்து, உதறிக்கொண்டு, மலையேறியது. சின்னவன் குனிந்து கையைக் கொடுத்தான். தூக்கி, மண்ணைத் தட்டினான். இந்தத் தடவை அவனை அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்த அவசரப்படவில்லை.

எல்லாம் நடந்தது நடந்தபடி. அந்த மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வாயில் ஒரு பல் மட்டும் லேசாக ஆடுகிறது.